மூன்றாம் மாடியில் பகல் நேரம்

எங்கள் குடியிருப்பில் அவளுக்கு ‘அஞ்சு பத்து’ என்று பெயர். காலை ஐந்து பத்துக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸை அவள் ஒரு நாளும் நின்று நிதானமாகப் பிடித்ததில்லை. ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, வாயில் ஹேர்பின். அப்படியே மூன்று மாடியும் இறங்கி ஓடுவாள். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே பத்தடி நகர்த்தி நிறுத்துவார். அவள் திட்டிக்கொண்டே ஏறுவாள். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் நான் பல் துலக்கப் போவேன்.

நான் அவளுக்கு எதிர்வீடு. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, ஒரு சட்டைக் கம்பெனிக்குக் காலர் தைத்துக் கொடுக்கிறேன். ஐம்பத்தாறு வயது, தனி ஆள், வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகள் எனக்குக் கத்திரி அத்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கையில் எப்போதும் கத்திரி இருப்பதால் மட்டும் வைத்த பெயர் இல்லை அது.

இந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விற்கும்போது ‘நகரத்திலிருந்து இருபதே நிமிடம்’ என்று போட்டிருந்தார்கள். எதில் போனால் இருபது நிமிடம் என்று நாங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது. அதுவும் மாறி ஏறும் இடத்தில் இரண்டாவது பஸ் உடனே வந்தால். பள்ளிக்கூடம் வரும் என்றார்கள், வந்தது. கடை வரும் என்றார்கள், ஒன்று வந்தது. மருத்துவமனை வரும் என்றார்கள். அதற்குப் பலகை வந்தது. ஆறு வருஷமாக அந்தப் பலகைதான் புல்லுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறது.

இருபத்து நான்கு கட்டடங்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே ஜன்னல். கட்டி முடித்த வரிசைப்படி எண் போட்டார்களே தவிர, நிற்கும் வரிசைப்படி போடவில்லை. அதனால் மூன்றுக்குப் பக்கத்தில் பதினேழு இருக்கும், பதினேழுக்குப் பின்னால் எட்டு இருக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் மாதம் அடுத்தவர் பூட்டில் சாவியை விட்டுத் திருகுவார்கள். வெளியாளுக்கு வழி சொல்வதென்றால் ஒருவர் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

ஆனாலும் வாங்கினோம். எங்கள் சம்பளத்துக்குச் சொந்தமாக நாலு சுவர் வேறு எங்கே கிடைக்கும்? கிடைத்ததை வைத்துக்கொண்டு, காலையில் விட்டுவிட்டு ஓடி, இருட்டிய பிறகு திரும்பி வந்து படுக்கிறோம். பகலில் இங்கே பெரியவர்கள் என்று யாரும் இருப்பதில்லை. ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் கழுத்தில் சாவி தொங்கும் பிள்ளைகள் வரும். தானே பூட்டைத் திறந்து, தானே போட்டுச் சாப்பிட்டு, பிறகு மாடிப்படியில் விளையாடும். விளையாட்டு என்றால் ஒன்றுதான்: கதவைத் தட்டிவிட்டு ஓடுவது. காலி வீட்டைத் தட்டினால் என்ன ருசி? உள்ளிருந்து ஒரு ஆள் கத்த வேண்டும். எங்கள் கட்டடத்தில் பகலில் கத்துவதற்கு இருந்த ஒரே ஆள் நான்.

அஞ்சு பத்து வேலை செய்தது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பு வரும். துவைத்ததை ஆள் உயரத்துக்கு இருக்கும் சூடான உருளைக்குள் விட வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, சரியான நேரத்தில் கையை விட வேண்டும். கொஞ்சம் தாமதமாக விட்டால் துணியோடு கையும் போகும். அவளுக்கு முழங்கைக்குக் கீழே கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு. ஒரு ஷிப்டுக்கு எத்தனை விரிப்பு என்று ஒருதரம் கேட்டேன். “எண்ணினா வேலை செய்ய முடியாதுக்கா” என்றாள்.

அவள் புருஷன் சரக்குக் கிடங்கில் ராத்திரிக் காவல். காலை ஏழரைக்கு வந்து படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். அவள் சாயங்காலம் ஏழு மணிக்கு வருவாள், அவர் ஏழரைக்குக் கிளம்புவார். வீட்டில் ஒரே கட்டில். அவர் எழுந்த இடத்தில் அவள் படுப்பாள்.

“எங்களுக்குச் சண்டை போடக்கூட நேரம் இல்லக்கா. அரை மணி நேரத்துல எதைன்னு ஆரம்பிக்கிறது?” என்று சிரிப்பாள்.

அவர் சாதுவான மனுஷர். வேலைக்குக் கிளம்பும்போது என் வாசலில் ஒரு நொடி நின்று, “அக்கா, வரட்டுமா?” என்று கேட்காமல் போக மாட்டார். நான் என்ன சொந்த அக்காவா? இருந்தாலும் கேட்பார். போயிட்டு வாங்க என்று நானும் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வேன்.

போன வருஷம் அவருக்குப் பஸ்ஸிலேயே நெஞ்சுவலி வந்தது. நல்லவேளை, பஸ் அப்போது நகரத்துக்குள் இருந்தது. கூட வந்தவர்கள் கைத்தாங்கலாக இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாள் இருந்து பிழைத்து வந்தார். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: மறுபடி வரலாம். வந்தால் உடனே நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதைத் தாண்டினால் தன்னைக் கேட்கக் கூடாது என்று.

ஒரு மணி நேரம். எங்கள் இடத்திலிருந்து. அவள் பஸ்ஸில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தாளாம். நகரத்துக்குள் குடிபோகலாம் என்றால் ஒரு அறை வாடகைக்கே இருவர் சம்பளமும் பத்தாது. ராத்திரி வேலையை விடச் சொன்னாள். பகல் வேலை கேட்டு நாலு இடம் அலைந்தார். நெஞ்சு வைத்தியம் பார்த்த ஆளை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் இருக்கிறதை வைத்து ஒரு ஏற்பாடு செய்தாள். அவள் மூளைக்காரி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள், எட்டு வயது. பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாப்பா தூங்குகிற அப்பாவின் கால் பெருவிரலைத் தொட வேண்டும். அவர் கண்ணைத் திறக்காமலே விரலை ஆட்டுவார். ஆட்டினால் நல்லா இருக்கிறார் என்று அர்த்தம். உடனே வீட்டிலிருக்கும் பழைய போனில் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால்: ஒரே ஒரு அடி, உடனே கட். அம்மாவின் ஏப்ரன் பையில் போன் ஒருதரம் அதிரும். இரண்டு கையும் விரிப்பில் இருப்பதால் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். வீட்டில் எல்லாம் சரி.

சரியில்லை என்றால் பாப்பா கட் பண்ணக் கூடாது. அடித்துக்கொண்டே இருக்க விட வேண்டும். பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தால் அவள் என்ன வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு எடுப்பாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, எந்த நிறுத்தம், எந்தக் கட்டடம், எதற்குப் பின்னால் என்று வழி சொல்வாள். எட்டு வயதுக் குழந்தைக்கு அது வராது, எங்களில் பாதிப் பேருக்கே வராது. பாப்பா போனை அப்பா பக்கத்தில் வைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடி வந்து என்னைக் கூப்பிட வேண்டும். நான் போய் மாத்திரையை வைக்க வேண்டும்.

அவள் என்னைக் கூட்டிப் போய் மாத்திரை இருக்கும் டப்பாவைக் காட்டினாள்.

“நாக்குக்கு அடியில வைக்கணும்கா. முழுங்கச் சொல்லக் கூடாது.”

“இதுல என்ன இருக்கு? நான் எங்க போகப் போறேன்? நாள் முழுக்க இந்த மெஷின் முன்னாடிதானே கெடக்கிறேன்.”

“உங்களை நம்பித்தான்கா நான் பஸ் ஏறுறேன்.”

எட்டு மாதம் அந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஒன்றரை மணிக்கு மேல் எதிர்வீட்டுப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்கும், பிறகு அமைதி. நானும் என் காலரைப் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை சலவை நிலையத்தில் புதுச் சட்டம் வந்தது. யாரோ ஒரு பெண் போன் பேசிக்கொண்டே விரிப்பு விட்டு விரலை நசுக்கிக்கொண்டாள். அதனால் எல்லோரும் உள்ளே வரும்போதே போனை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும், இரண்டு மணி டீ நேரத்தில் எடுத்துப் பார்க்கலாம். இவள் மேற்பார்வையாளரிடம் போய் வீட்டு நிலைமையைச் சொல்லியிருக்கிறாள். “எல்லார் வீட்டுலயும்தான் ஒண்ணு இருக்கு” என்றானாம் அந்தப் புண்ணியவான்.

அன்று சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னாள். “பரவாயில்லக்கா. ரெண்டு மணிக்குப் பார்ப்பேன். ஒரு மிஸ்டு கால் இருந்தா நிம்மதி. இல்லேன்னா அப்படியே ஓடி வந்துடுவேன்.”

ஆமாம் என்று நானும் தலையை ஆட்டினேன். கால் வராமல் போனால் என்ன செய்வது என்று அவள் யோசித்திருந்தாள். கட் பண்ணாமல் விட்ட காலும் பெட்டிக்குள் கிடந்தால் ஒரே ஒரு மிஸ்டு காலாகத்தான் தெரியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அவள் புருஷனுக்கும் தோன்றவில்லை. மூன்று பெரியவர்கள் நின்றிருந்தோம்.

அந்தத் திங்கள் சரியாகவே போயிருந்தது. செவ்வாயும் நடந்தது.

புதன்கிழமை நான் வழக்கமாகக் கம்பெனிக்குப் போய்த் தைத்ததைக் கொடுத்துவிட்டு வரும் நாள். அந்த வாரம் நான் போகவில்லை. ஒரு கட்டு காலரை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துத் தொலைத்திருந்தேன். எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். நாளைக்குள் தராவிட்டால் இனிமேல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரித்துப் பிரித்துக் கண் எரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கதவைத் தட்டிவிட்டு ஓடினார்கள். எழுந்து போய்த் திறந்தேன், யாரும் இல்லை. உட்கார்ந்தேன், மறுபடி தட்டினார்கள். இரண்டாவது தடவை கீழ்மாடி வரை துரத்திக்கொண்டு போனேன். மூச்சு வாங்க மேலே ஏறி வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இனி எவன் தட்டினாலும் திறப்பதில்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாவது தடவை தட்டும் சத்தம்.

“இன்னொரு தடவை தட்டினா கையை முறிச்சுப் போட்டுடுவேன், ஆமா.”

தட்டுவது நிற்கவில்லை. “அத்தை” என்று ஒரு சின்னக் குரல். தட்டிவிட்டு ஓடுகிறதுகளும் அத்தை என்றுதான் கூப்பிடும்.

“அத்தையாம் அத்தை. போய் உங்க வீட்டுக் கதவைத் தட்டு.”

நான் மெஷினை வேகமாக ஓட்டினேன். நின்று கேட்டபோது சத்தம் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளபடியே அப்படித்தான் நினைத்தேன்.

அது பாப்பா. அப்பா கட்டிலிலிருந்து கீழே சரிந்து, சட்டையெல்லாம் வியர்வையாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்திருக்கிறார். “அம்மாவுக்கு அடி” என்று மட்டும் சொன்னாராம். அவள் அடித்தாள், கட் பண்ணவில்லை, சொன்னபடி போனை அவர் மடியில் வைத்துவிட்டு என் வாசலுக்கு ஓடி வந்தாள். நான் விரட்டியதும் திரும்பிப் போய் மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவருக்குக் கை ஒத்துழைக்கவில்லை. அவளுக்கு எந்த மாத்திரை என்று தெரியாது. பிறகு இரண்டாம் மாடி, முதல் மாடி, கீழ்த்தளம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனாள். எல்லாம் பூட்டு. கடைக்காரர் சரக்கு வாங்கப் போயிருந்தார். பஸ் நிறுத்தத்தில் பஸ்ஸும் இல்லை. குழந்தை அங்கேயே வெயிலில் நின்றது. இரண்டே கால் மணி பஸ் வந்த பிறகுதான் டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறது.

படியில் பூட்ஸ் சத்தம் தடதடவென்று கேட்டுத்தான் நான் கதவைத் திறந்தேன். எதிர்வீடு திறந்து கிடந்தது. டிரைவரும் கண்டக்டரும் அவரைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். டிரைவர் குனிந்து மூக்குக்கு நேராகக் கையை வைத்துப் பார்த்தார், பிறகு தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் ஓடிப்போய் டப்பாவைத் திறந்து மாத்திரையைத் தேடினேன். அந்த நேரத்தில் எனக்கு அந்த அறிவு.

“ஏம்மா, இவ்வளவு தூரம் ஓடி வந்தியே, பக்கத்துல யாருமே இல்லையா?” என்று டிரைவர் பாப்பாவைக் கேட்டார்.

பாப்பா என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் அளவு டேப் தொங்கியது, புடவையெல்லாம் பிரித்த நூல்.

“எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க” என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஊரே பயப்படும் வாய்.

சலவை நிலையத்தின் ஆபீசுக்குத் தகவல் போனபோது மணி மூன்று. அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பஸ் எப்போதும்போல இரண்டு மாறித்தான் வந்திருக்கிறாள். அந்த ஒன்றே கால் மணி நேரத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. வந்தவள் அழவில்லை. அவர் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவரை எடுத்துப்போக வண்டி வரும் வரை. வண்டி வழி தெரியாமல் எட்டாம் கட்டடத்துக்குப் போய் நின்றிருந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் என் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். தைத்து வைத்திருந்த ஒரு காலரை எடுத்து நீவிக்கொண்டே பேசினாள்.

“ரெண்டு மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தேன்கா. ஒரு மிஸ்டு கால். சரின்னு திரும்பப் பெட்டியில போட்டுட்டு டீ குடிச்சேன். அன்னைக்கு டீ நல்லா இருந்துச்சு. ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சேன்.”

சட்டம் போட்டவனைத் திட்டினேன். பலகை நட்டுவிட்டுப் போனவர்களைத் திட்டினேன். கட்டடத்துக்கு எண் போட்டவனைத் திட்டினேன். எல்லாரையும் திட்டினேன், ஒரு ஆளைத் தவிர.

அவளுக்கு வேலையை விட வழியில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஐந்து பத்துக்கு ஓடத் தொடங்கினாள். டிரைவர் இப்போதெல்லாம் பஸ்ஸை நகர்த்துவதில்லை. அவள் வரும் வரை நிற்கிறார். அவளும் திட்டுவதில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று கடை வாசலில் காகிதம் ஒட்டிப் பார்த்தாள். பார்க்க வந்தவர்கள் இரண்டே பேர்; ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று அவர்களும் கேட்கவில்லை, ஆனால் மூன்றாம் மாடி வேண்டாம் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பா இனிமே உங்க வீட்டுலயே இருக்கட்டுமா? தனியா அந்த வீட்டுக்குள்ள போக மாட்டேங்குறா. நீங்கதான் பாத்துக்கணும்.”

“அதுக்கென்ன, இருக்கட்டும்” என்றேன்.

“உங்களை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா? அன்னைக்குன்னு பாத்து நீங்க கம்பெனிக்குப் போயிட்டீங்க. புதன்கிழமைங்கிறதையே நான் யோசிக்கல பாருங்க. நீங்க மட்டும் வீட்டுல இருந்திருந்தீங்கன்னா...”

அவளால் மேலே பேச முடியவில்லை. முதல் தடவையாக என் முன்னால் அழுதாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தும்விட்டேன்.

“அத்தை அன்னைக்கு இல்லம்மா. நான் தட்டிப் பார்த்தேன்” என்றாள் பாப்பா. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். குழந்தை எனக்காகச் சொன்னதா, தன்னைப் பார்த்துக்கொள்ள இருக்கிற ஒரே ஆளும் போய்விடக் கூடாது என்று சொன்னதா, அம்மாவுக்கு இன்னொரு பாரம் வேண்டாம் என்று சொன்னதா, எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை. நான் கோழை. இத்தனை வருஷம் கத்தியதெல்லாம் அதை மறைக்கத்தான் போலிருக்கிறது.

இப்போது பகலில் என் வீட்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பன்னிரண்டு மணிக்கே கதவை விரியத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு துணி மூட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருகிறேன். ஒன்றரை மணிக்குப் பாப்பா படியேறி வருகிறாள். திறந்திருக்கும் கதவுக்கு வெளியே நின்று, நான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரலை மடக்கி இரண்டு தரம் தட்டுகிறாள்.

“அத்தை, நான்தான். விளையாட்டுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். தினமும் சொல்கிறாள்.